போரை வைத்துக்கொண்டு நட்பை எடுத்துவிட்டீர்கள்: நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

நமது சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த ஞாயிறு இரவு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் வெளியிட்ட அறிவித்தலை மூன்று முறை படித்தேன். நமது மண்டபத்தில் நான் எட்டு முறை நடத்திய, மேசைமேல் சிறு உலோக வீரர்களை நகர்த்தி ஆடும் சிற்றுருவப் போர்க்கள விளையாட்டுச் சுற்றுப்போட்டி இந்த வருடம் முதல் 'சாம்பியன் கிண்ணம்' ஆகிறது. தோற்றவர் அந்த ஆட்டத்தோடு வெளியேறுவார். ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம். ஒவ்வொருவரும் சொந்தப் படையைக் கொண்டுவர வேண்டும். நுழைவுக் கட்டணம் 20 பவுண்டு. மேசைக்கு மேசை பெற்றோரே நடுவர்கள். பிரதம விருந்தினரின் உரைக்கு நேரம் ஒதுக்குவதற்காக மதிய இடைவேளை இல்லை. வயதுவாரியாக மூன்று கிண்ணங்கள்.

என்னைக் கேட்காமல் முடிவு எடுத்ததைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவராவது இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை இருந்து பார்த்ததுண்டா? கதவருகே நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஆடுவது டி.பி.ஏ. (டி பெல்லிஸ் அன்டிகுவிடாடிஸ்) என்ற, பண்டைய, இடைக்காலப் போர்களுக்கான விதிமுறை. பில் பார்க்கர் முதன்மையாக எழுதி 1990இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஒரு படைக்குப் பன்னிரண்டு தட்டுகள், அவ்வளவுதான். தட்டு என்று நம் பிள்ளைகள் சொல்வது 40 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய அட்டையை. அதன் மேல் 15 மில்லிமீட்டர் அளவிலான உலோக வீரர்கள் இரண்டு முதல் நான்கு பேர் நிற்பார்கள், அல்லது ஒரு யானை நிற்கும். களம் இரண்டு அடிச் சதுரம். உங்கள் முறை வரும்போது ஒரு தாயக்கட்டையை உருட்டுவீர்கள். விழுகிற எண்ணிக்கைதான் உங்களுக்குக் கிடைக்கும் நகர்வுகள். ஒன்று விழுந்தால், பன்னிரண்டு தட்டுகளும் கத்திக்கொண்டு நின்றாலும் ஒன்றைத்தான், அல்லது ஒட்டி நிற்கும் ஒரு வரிசையைத்தான் அசைக்கலாம். இரண்டு தட்டுகள் மோதினால் இருவரும் உருட்டி, அந்தந்தப் படைவகைக்கு உரிய எண்ணைக் கூட்டுவார்கள். குறைந்தவர் பெரும்பாலும் பின்வாங்குவார். எதிரியின் கூட்டுத்தொகையில் பாதிக்கு மேல் எட்டாதவர் அழிவார். எதிரியை விடக் கூடுதலாக இழந்து, இழப்பு நான்கு தட்டுகளை எட்டினால் தோல்வி. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு சின்ன விளையாட்டு என்பதால்தான் ஒரே நாளில் ஒருவர் நான்கு பேருடன் ஆட முடிகிறது. அந்த நான்கு ஆட்டங்களைத்தான் நீங்கள் இப்போது பறிக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். எங்களிடம் பதினாறு பேர், எட்டு மேசைகள். உங்கள் முறையில் நாள் முழுவதும் நடக்கும் ஆட்டங்கள் மொத்தம் பதினைந்து. முதல் ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பேர் வீட்டுக்குப் போகலாம். காலை பத்தரைக்கு வந்த பிள்ளை பதினொன்றரைக்குக் காரில் ஏறிவிடும். நாங்கள் பின்பற்றுவது சுவிஸ் முறை. 1895இல் சூரிச் நகரில் ஒரு சதுரங்கப் போட்டியில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இன்று சதுரங்கம் ஆடும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த முறை. வென்றவர் வென்றவருடன், தோற்றவர் தோற்றவருடன். யாரும் வெளியேறுவதில்லை. நான்கு சுற்றுக்கு 32 ஆட்டங்கள். முதலிரண்டில் தோற்ற பிள்ளை மூன்றாவதில் தன் பலத்துக்கு ஏற்ற ஒருவரைச் சந்திக்கிறது. வெற்றியாளர் வேண்டும் என்றாலும் இதிலேயே கிடைப்பார்: பதினாறு பேர் நான்கு சுற்று ஆடினால் நான்கிலும் வென்றவர் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது. கிண்ணத்துக்காகக்கூட நீங்கள் யாரையும் வெளியேற்றத் தேவையில்லை.

அடுத்தது சொந்தப் படை விஷயம். களஞ்சிய அறையில் மூன்றாம் அடுக்கில் பதினாறு பழைய பிஸ்கட் டின்கள் இருக்கின்றன. எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தகரத்தின் அடியில் பிடித்துக்கொள்வதற்காகத் தட்டுகளின் கீழே காந்தத் தாள் ஒட்டியிருக்கிறேன். டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வீரர்கள் விழமாட்டார்கள். ஒரு டின் ஒரு படை. இரண்டிரண்டு டின்களாக வரலாற்றில் உண்மையாகவே மோதியவர்கள். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் மோதிய அலெக்சாண்டரும் போரஸும் ஒரு சோடி. கன்னே போரில் ரோமரும் அவர்களைச் சுற்றி வளைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும் ஒரு சோடி. நோர்மன் வில்லியமும் ஆங்கிலேய மன்னன் ஹரோல்டும் மோதிய 1066இன் ஹேஸ்டிங்ஸ், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1415இன் அஜின்கோர்ட், சோழரும் பாண்டியரும். மேசைக்கு ஒரு சோடி வைத்துவிடுவேன். படைகள் அங்கேயே இருக்கும், ஆட்கள்தான் மேசை மாறுவார்கள். ஒருவர் களத்தில் குன்றையும் காட்டையும் அடுக்குவார், மற்றவர் எந்தப் படை வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். அண்ணன் பலகாரத்தை வெட்ட, தம்பி முதலில் எடுக்கிற அதே நீதி. அதனால்தான் களம் ஒருபக்கச் சார்பாக அமைவதில்லை. வாங்க வசதியுள்ளவன் பலமான படையோடு வந்து நிற்பதும் இல்லை.

ஒரு படைக்கு வேண்டிய உருவங்கள், வண்ணம், தூரிகை எல்லாம் வாங்கினால் ஐம்பது பவுண்டை எட்டிவிடும். அதற்கு மேல் உட்கார்ந்து வண்ணம் பூச ஒரு மாதம். ஒரு தாய் தனியாக உழைத்து வளர்க்கும் இரண்டு பிள்ளைகள் 2017 முதல் வருகிறார்கள். இந்த வருடம் அவர்களிடம் சொந்தப் படையும் ஆளுக்கு 20 பவுண்டும் கேட்கப் போகிறோமா? டின்களைத் திறந்து கொடுக்கும்போது நான் சொல்வது ஒரே வாக்கியம்: "தட்டின் ஓரத்தைப் பிடி, ஈட்டியைப் பிடிக்காதே." எட்டு முறையில் தொலைந்தது ஒரு குதிரைவீரனும் இரண்டு வாள்களும். வளைந்த ஈட்டிகளை எண்ணவில்லை, அவை நிமிர்ந்துகொள்ளும்.

நட்பு ஆட்டம் என்றால் தளர்வான ஆட்டம் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். 'கொஞ்சம் ஒழுங்கு வேண்டும்' என்று செயலாளர் என்னிடம் சொன்னதும் அந்த நினைப்பில்தான். உண்மையில் கண்டிப்பான போட்டியை நடத்துவது சுலபம். விதிப்புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். பகை வராமல் நடத்துவதற்குத்தான் ஒழுங்கு அதிகம் தேவைப்படுகிறது. ஒரு சின்ன உதாரணம். எதிரியின் வில்லாளர்களுக்கு எட்டாத தூரத்தில் என் தட்டை நிறுத்த விரும்புகிறேன் என்று வையுங்கள். நிறுத்தும்போதே வாய் திறந்து சொல்ல வேண்டும்: "உன் அம்பு எட்டாத இடத்தில் நிறுத்துகிறேன், சரிதானே?" எதிரே இருப்பவர் அளந்து பார்த்து, "சரி" என்பார். பிறகு யாருடைய முழங்கையாவது பட்டுத் தட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பிரச்சினை இல்லை, ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். தாயக்கட்டையை டின் மூடிக்குள்தான் உருட்ட வேண்டும், களத்தில் உருட்டினால் வீரர்கள் சரிவார்கள். சாய்ந்து நின்ற கட்டையைத் திரும்ப உருட்ட வேண்டும், விவாதம் கிடையாது. இவை எதுவும் புத்தகத்தைப் பார்த்து வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது.

பெரிய சண்டை 2019இல் நடந்தது. அந்த வருடம் அன்பர் ஒருவர் மூன்று கிண்ணங்களை நன்கொடையாகத் தந்தார். நானும் மறுக்கத் தைரியமில்லாமல் மேடையில் அடுக்கி வைத்தேன். ஆகவே இதில் எனக்கும் குற்றம் உண்டு. மூன்றாம் சுற்றில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பத்து வயதுச் சிறுவனோடு ஆடினான். மூன்றுக்கு இரண்டு என்று பெரியவன் முன்னிலை. பின்னால் அவனுடைய தந்தை நின்றுகொண்டிருந்தார். அப்போதைய எங்கள் விதிப்படி நேரம் முடியும்போது முன்னிலையில் இருப்பவருக்கு வெற்றி. தந்தை குனிந்து காதில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு பையன் இரும்பு அளவுகோலை எடுத்து ஒவ்வொரு தட்டையும் அளக்கத் தொடங்கினான். அளந்தான், யோசித்தான், திரும்ப அளந்தான். ஒரே முறைக்கு ஒன்பது நிமிடம். சின்னவன் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அடுத்த மேசைச் சச்சரவில் இருந்தேன். நேரம் முடிந்தது, பெரியவன் வென்றான், கிண்ணமும் வாங்கினான். படம் நமது சங்கத்தின் ஆண்டு மலரில் இருக்கிறது. சின்னவன் கார் நிறுத்துமிடத்தில் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுததற்குப் படம் இல்லை. கொரோனா முடிந்து 2022இல் நாங்கள் மீண்டும் தொடங்கியபோது அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அந்தப் பெரிய பையனை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எழுதிய விதி அதற்கு இடம் கொடுத்தது. மேடையில் வைத்த கிண்ணம் அதைச் செய்யச் சொன்னது. பிறகு புள்ளி முறையை மாற்றினேன். நேரம் முடிந்துபோனால் யாருக்கும் வெற்றி இல்லை. வென்றால் ஐந்து புள்ளி, அதோடு அழித்த ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி, தோற்றவருக்கும் அப்படியே. தாமதித்தால் இழப்பு, தோற்கும்போதும் கடைசிவரை போராடினால் லாபம். தலையிடும் பெற்றோரை உணவு மேசைப் பக்கம் அனுப்பினேன். நான் ஆடாமல் நடுவராக மட்டும் இருந்தேன். பதினைந்து பேர் வந்தால்தான் இடத்தை நிரப்ப உட்காருவேன், என் புள்ளி கணக்கில் வராது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் போர் விளையாட்டைத் தளபதிகளுக்குக் காட்டியபோதே இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். இருநூறு வருடமாகத் தெரிந்த விஷயம். நீங்களோ ஒவ்வொரு மேசைக்கும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரையே நடுவராக்குகிறீர்கள். 2019இல் பின்னால் நின்ற தந்தைக்கு நாற்காலியும் பதவியும் கொடுக்கப் போகிறீர்கள்.

போன வருடம் ஐந்தாம் மேசையில் நடந்ததையும் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயாவும் பதினொரு வயதுப் பெண்பிள்ளையும். ஹேஸ்டிங்ஸ் களம், ஐயா நோர்மன் வில்லியம், அவள் கேடயச் சுவராக நின்ற ஹரோல்ட். ஐயாவுக்குக் கை நடுங்கும். முதல் தட்டைத் தொட்டதுமே பக்கத்திலிருந்த மூன்று சரிந்தன. அவள் எதுவும் பேசாமல் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் விரலை நீட்டுவார், அவள் ஓரத்தைப் பிடித்து நகர்த்தி, "இவ்வளவா, தாத்தா?" என்பாள். தன் எதிரியின் படையைத் தானே நடத்திக்கொண்டிருந்தாள். மூன்றுக்கு மூன்று ஆனது. ஐயா உருட்டினார், இரண்டு. ஒன்றைப் பயன்படுத்திவிட்டு, "முடிந்தது, உன் முறை" என்றார். அவள் சொன்னாள்: "இன்னும் ஒரு நகர்வு இருக்கிறது, தாத்தா. உங்கள் தளபதி சும்மாதானே நிற்கிறார்." ஐயா தளபதியைக் கேடயச் சுவர் மீது ஏவினார். அவருக்கு ஆறு, அவளுக்கு ஒன்று. அவளுடைய நான்காவது தட்டு போயிற்று. ஐயாவுக்கு ஒன்பது புள்ளி, தனக்கு மூன்று என்று சீட்டில் அவளே எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டிவிட்டு, மட்டன் ரோல்ஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

எங்கள் ஒரே பரிசு அன்று அவளுக்குத்தான் போயிற்று. நாள் முடிவில் எல்லோரும் ஒரு துண்டுக் காகிதத்தில் 'இவரோடு மறுபடி ஆட விரும்புகிறேன்' என்று ஒரு பெயர் எழுதுவார்கள். அதிக வாக்கு பெற்றவருக்கு வண்ணம் பூசாத உருவங்கள் ஒரு பொதியும் ஒரு தூரிகையும். உங்கள் அறிவித்தலில் அந்தப் பரிசு இல்லை. கவனக்குறைவு என்று நினைக்க விரும்புகிறேன். உங்கள் முறையில் அவள் அந்த இடத்திலேயே வெளியேறியிருப்பாள். அதற்கு முன், "ஏன் சொல்லிக் கொடுத்தாய்?" என்ற கேள்விக்கு அவள் காரில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

சபையில் ஓர் அம்மா இரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டார். போரைக் கண்ணால் பார்த்துத் தப்பி வந்தவர்கள் நாம்; பிள்ளைகளுக்குப் போரை விளையாட்டாகக் கொடுக்கலாமா என்று. இந்த மடலில் அவருக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. நானும் அதே பதுங்குகுழியில் இருந்தவன்தான். முதல் வருடத்திலிருந்தே கி.பி. 1500க்குப் பிற்பட்ட எதையும் மேசையில் வைத்ததில்லை. இந்த விதிமுறையின் படைப்பட்டியல்களில் தமிழர் படையும் சிங்களர் படையும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அவற்றை எதிரெதிரே வைக்கலாம், விதி தடுக்காது. நான் வைப்பதில்லை. சோழரையும் பாண்டியரையும்தான் மோதவிடுகிறேன். அந்தக் காயத்தில் இப்போது யாருக்கும் வலி இல்லை. அந்த அம்மாவின் கேள்வியின் பேரில் நீங்கள் போட்டியையே நிறுத்தியிருந்தால், வாதாடியிருப்பேன், கடைசியில் டின்களை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பேன். நீங்கள் செய்திருப்பதோ நேர்மாறு. போரை அப்படியே வைத்துக்கொண்டு நட்பை மட்டும் எடுத்துவிட்டீர்கள்.

நம் பிள்ளைகளின் வாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. சனி காலை தமிழ்ப் பள்ளி, மாலை வயலின் அல்லது பரதம், ஞாயிறு கணிதப் பயிற்சி, ஐந்தாம் வகுப்பிலேயே கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு என்ற பூச்சாண்டி. எல்லாவற்றிலும் இடம், தரம், கேடயம். வருடத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மண்டபம், தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடக்கூடிய ஓர் இடம் இருந்தது. அந்த மதிய இடைவேளை வீண் நேரம் என்று நினைக்காதீர்கள். காலையில் கன்னே மேசையில் மோதியவர்கள் கையில் தேநீரோடு, "நீ ஏன் அந்த யானையை... இல்லை, குதிரைகளை வலப்பக்கம் வைத்தாய்?" என்று கதைப்பது அப்போதுதான்.

பொருளாளரின் கவலை வேறு. மண்டபத்துக்குச் சூடேற்றவும் துப்பரவு செய்யவும் செலவாகிறது, மறுக்கவில்லை. ஆளுக்கு 5 பவுண்டு வாங்கி, அந்த 80 பவுண்டையும் ஒவ்வொரு வருடமும் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். போதாது என்றால் எவ்வளவு போதும் என்று சொல்லுங்கள். மூன்று கிண்ணங்கள், பொன்னாடை, மாலை, பதாகை ஆகியவற்றைக் கழித்த பிறகு உங்கள் 320 பவுண்டில் என்ன மிஞ்சும் என்றும் சொல்லுங்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. வெளியேற்றும் முறையைக் கைவிட்டு நான்கு சுற்றுச் சுவிஸ் முறையையே வைத்திருங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம், சுற்றுக்கு இடையே கால் மணி, மதியம் ஒரு மணி நேர இடைவேளை. சொந்தப் படை கட்டாயம் என்ற வரியை நீக்குங்கள். பெற்றோரை நடுவராக்காதீர்கள், ஆடாத ஒருவர் நடுவராக இருக்கட்டும், அது நானாக இல்லாவிட்டாலும் சரி, வருகிறவருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டணம் 5 பவுண்டிலேயே நிற்கட்டும். மண்டபச் செலவில் துண்டு விழுந்தால் அதைப் பெரியவர்களிடம் வசூலித்துத் தருவது என் பொறுப்பு. பிரதம விருந்தினர் தாராளமாக வரலாம், ஆனால் ஒரு சுற்று ஆட வேண்டும், டின்னை நான் கொடுக்கிறேன். கிண்ணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று கொடுங்கள். அது துண்டுக் காகித வாக்குக்குப் போகட்டும்.

இவற்றில் முதல் மூன்றையும் ஏற்க முடியாது என்றால் அந்தக் கிண்ணப் போட்டியை நீங்களே நடத்துங்கள், தடுக்க மாட்டேன். பதினாறு டின்களும் அதற்குக் கிடையாது. அதே மாதத்தில் வேறொரு ஞாயிறு மண்டபத்தை வழக்கமான வாடகைக்குத் தாருங்கள், நாங்கள் எங்கள் பாட்டில் ஆடிக்கொள்கிறோம்.

இம்மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வளைந்த ஈட்டிகளை நிமிர்த்தி, உதிர்ந்த வண்ணத்தைத் திருத்த எனக்கு ஆறு வாரம் ஆகும். களஞ்சிய அறைச் சாவி இப்போது பொருளாளரிடம் இருக்கிறது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
2016 முதல் சுற்றுப்போட்டியை நடத்திவரும் உறுப்பினன்
வடமேற்கு லண்டன்